வெடிக்கு அசையாத சம்மனசு

முதல் வெடிக்கே, தேவதூதர் வேடம் போட்ட மற்றச் சம்மனசுகள் எல்லாம் அழத் தொடங்கின.

ஒன்று சிறகைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாயிடம் ஓடியது. இன்னொன்று சொரூபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. என் அக்காவின் மகள் சுவேதினி மட்டும் தேரின் முன்பக்கத்தில் கைகூப்பியபடி நின்று, தன் நீலக் கண்களால் பலூன்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் இதற்குப் பெயர் தைரியம்.

எங்கள் வீட்டுக்கு அது பரம்பரைச் சொத்து. மூன்று வயதில் நீலக் கண்ணோடு ஒரு பிள்ளை எங்களிடம் இருந்தால், திருநாளுக்குத் தேரின் முன் இடம் அதற்குத்தான். கோயில் சபையில் மறுபேச்சு இல்லை. வெடிக்கு அசையாத பிள்ளை வேறு எந்த வீட்டில் கிடைக்கும்?

நீலக் கண்ணும் பரம்பரைதான். ஒல்லாந்தர் காலத்தில் ஒரு கப்பித்தான் மன்னார்க் கோட்டையிலிருந்து இறங்கி வந்து எங்கள் வம்சத்தைத் தொடக்கி வைத்தாராம். அவருடைய பெயர் ஒருவருக்கும் தெரியாது. அவர் வந்துபோனதற்கு எங்கள் கண்களைத் தவிர வேறு சாட்சியும் இல்லை.

பரம்பரை நோய்களை ஆராயும் குழுவோடு ஊருக்கு வந்திருந்த டொக்டர் யதுர்சிகா, அந்தக் கப்பித்தானை ஒரே பின்னேரத்தில் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்.

அவர் என் முகத்தைப் பார்த்து, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கதைப்பவர். அதனால் எனக்கு முழுவதும் விளங்கியது. விளங்கியதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

கண்ணுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் உயிர்க்கலங்கள் கண்ணில் பிறப்பவை அல்ல. கரு ஒரு சின்னப் புழு அளவில் இருக்கும்போதே அவை முதுகுப் பக்கத்திலிருந்து புறப்பட்டு நடக்கத் தொடங்குகின்றன. கொஞ்சம் கண்ணுக்குப் போகும், கொஞ்சம் தலைமயிருக்கு, கொஞ்சம் உட்காதுக்கு. காதுக்குள் நிறம் எதற்கு, அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் கேட்டேன். அங்கே அவற்றுக்கு வேறு வேலை. காதுக்குள் ஒரு பற்றறி மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்குச் சார்ஜ் ஏற்றுவது இந்தக் கலங்கள்தான். அந்தச் சார்ஜ் இருந்தால்தான் சத்தம் மூளைக்குப் போகும்.

ஒரு மரபணு பிசகினால் கலங்கள் பாதிவழியில் நின்றுவிடும். கண்ணுக்குப் போய்ச் சேராவிட்டால் கண் நீலம். காதுக்குப் போய்ச் சேராவிட்டால் பற்றறி வெறும் டப்பா.

இதன் பெயர் வாடன்பேர்க் சின்றோம். பெயர் கொடுத்த டொக்டர் ஒல்லாந்துக்காரர். ஆக, எங்கள் வீட்டின் ஒல்லாந்துத் தொடர்பு கடைசியில் உறுதியாகிவிட்டது.

வீட்டில் யாரும் இதை ரசிக்கவில்லை.

ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் செவிடாகப் பிறப்பதில்லை. பிறந்த பிறகு ஏதாவது நடக்கும். அம்புறோஸ் பெரியப்பாவின் காதை, சங்கு குளிக்கப் போன இடத்தில் கடல் எடுத்தது. பிரான்சிஸ்கா மாமியின் காதை நெருப்புக்காய்ச்சல் எடுத்தது. டொக்டருக்கு இந்தக் கதைகளை நானேதான் எடுத்துக் கொடுத்தேன், சிரித்துச் சிரித்து.

டிலோஜனுடைய காதை ஷெல் எடுத்தது. அது வேறு விஷயம். சண்டை நேரம், நாலு வயதில், வேலிக்கு அங்கால் விழுந்தது. குழி இன்றைக்கும் இருக்கிறது. மாரியில் ஆடுகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன. ஷெல்லோடு யார் தர்க்கம் பண்ணுவது?

சுவேதினி இன்னும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நீலக்கண் பிள்ளைகள் பிந்தித்தான் கதைக்கும் என்று அதற்கும் வீட்டில் பதில் இருந்தது. இப்போதே சோதித்துப் பார்த்தால் காதுக்குள் ஒரு கருவி பொருத்தலாம், பிந்தினால் மூளை சத்தத்துக்கான இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும் என்று டொக்டர் சொல்லிப் பார்த்தார். அவருடைய குழு நாளைக்குப் போகிறது. அக்கா எடித் இன்னும் சம்மதிக்கவில்லை.

"இது நோய் வருத்தமில்லை டொக்டர், வம்சம்," என்றாள் இப்போதும், தேரைப் பார்த்தபடி.

அடுத்த வெடிச்சரத்தைக் கொளுத்தினார்கள். கோயில் முகட்டுக் காகங்கள் ஒரேயடியாக எழும்பின. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. எல்லோரும் புகையைப் பார்க்க, டொக்டர் பிள்ளையைப் பார்த்தார்.

பிறகு அக்காவின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். எனக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. என்ன கேட்டாரோ தெரியாது. அக்காவின் முகம் என் பக்கம் இருந்தது. அதில் அப்படியொரு பெருமை.

"இவளென்ன டொக்டர், இவளின்ர மாமன் டிலோஜன் மூண்டு வயசில இதே தேரில நிண்டவன். காலுக்க வெடி விழுந்தும் கண் இமைக்கேல்ல. அடுத்த வருசம்தானே ஷெல் விழுந்து அவன்ர காது..."



டிலோஜன் நான்தான்.

வெடி முடிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் அக்காவின் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆட்கள் கதைப்பதை நான் உதடுகளில்தான் வாசிக்கிறேன். அவளுடைய உதடுகள் திறந்தபடி இருந்தன. வாசிக்க ஒன்றும் இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஆட்களை விலக்கிக்கொண்டு தேரடிக்குப் போனாள். பிள்ளையின் முதுகுப் பக்கமாய் நின்று, கழுத்து நரம்பு புடைக்க அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

பலூன்காரன் திரும்பிப் பார்த்தான்.