பொத்தானை விடாத காகம்

கிட்ட வந்து உட்காருங்க, சின்னக் கதைதான்.

காகம் லைசென்ஸ் எடுத்து ஒரு வாக்கி டாக்கி வாங்கியது. குளத்து அக்கரையில் கொக்கிடம் இன்னொன்று இருந்தது. பேசும்போது பொத்தானை அழுத்தணும், கேட்கும்போது விடணும். பாறைமேல் நின்ற காகமோ பொத்தானை மிதித்தபடி லைசென்ஸ் பெருமையை அளந்துகொண்டே இருந்தது.

காகத்துக்குப் பின்னால் இருந்த மரத்தில், அதன் முட்டைகளை நோக்கிப் பாம்பு ஏறுவதைக் கொக்கு பார்த்தது. "பாம்பு, பாம்பு" என்று வாக்கி டாக்கியில் கத்தியது. காகத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என் பேச்சுல கொக்குக்கு வாயே அடைச்சுப்போச்சு பாத்தியா?" என்று பக்கத்தில் இருந்த அணிலிடம் கேட்டது.

"அக்கரையில வாய் ஆடுதே அண்ணே. காலை எடுங்க, கேப்போம்."

"லைசென்ஸ் இல்லாதவன் எனக்குச் சொல்லித்தர்றியா?"

அணில் குனிந்து, பொத்தான்மேல் இருந்த காகத்தின் விரலை நறுக்கென்று கடித்தது.