ஆறாவது வாரமும் தெர்மோஸ்டாட் வரவில்லை

“ஆறாவது வாரம் ரவூப்பு. ஒரு தெர்மோஸ்டாட் என்ன, ஜெர்மனியிலேர்ந்து நடந்தே வருதா?”

கோவிந்தசாமியின் குரல் சிங்கப்பூரின் செம்பவாங் பட்டறை முழுக்கக் கேட்டது. கேட்கக் கூடாத ஒருத்திக்கும் கேட்டது.

அவள் பெயர் வைஷாலி. பன்னிரண்டு சுற்றுலா கோச் பஸ்கள் வைத்திருக்கும் கம்பெனியின் பராமரிப்பு அதிகாரி. அவற்றை எந்தப் பட்டறையில் விடுவது என்று முடிவுசெய்ய, கையில் ஒரு ஃபாரத்துடன் முதல் தடவையாக வந்திருந்தாள். பன்னிரண்டும் வந்தால் ரவூப் பட்டறையின் லீஸைப் புதுப்பிக்கலாம். வராவிட்டால் டிசம்பரோடு சாமான்களைக் கட்ட வேண்டியதுதான்.

“வந்துடும்ணே. இன்ஷா அல்லா அடுத்த வாரம்,” என்றார் ரவூப். வயது ஐம்பது. குரலுக்கு எழுபது.

“போன வாரமும் இதே அடுத்த வாரம்தான் சொன்னே. என் பேரனே எட்டு மாசத்துல பொறந்துட்டான்.”

கோவிந்தசாமி நாற்பது வருடம் கோச் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய கோச் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கியிருந்தார். மனைவி சிவகாமசுந்தரியை அதில் மலேசியாவின் கேமரன் மலைக்குக் கூட்டிப்போவதாகத் திட்டம். வழியில் யோங் பெங் தாண்டுவதற்குள், எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி, எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து வண்டி இங்கேதான், பட்டறையின் இரண்டே இடங்களில் ஒன்றை அடைத்துக்கொண்டு.

“நாலு பேர் நல்லவிதமா சொன்னாங்கன்னு உங்ககிட்ட வந்தோம் தம்பி,” என்றார் சிவகாமசுந்தரி. மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் அதிகம் குத்தியது.

“தேக்கா மார்க்கெட்டுல இனிமே யாராவது கேக்கட்டும், நான் சொல்றேன்,” என்று முடித்துவிட்டு, கோவிந்தசாமி மனைவியோடு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

வைஷாலி ஃபாரத்திலிருந்து நிமிர்ந்தாள்.

“அந்த வண்டியப் பாக்கலாமா அங்கிள்?”

“அது வேணாம் மேடம். வேற வண்டி காட்டுறேன்.”

“இதத்தான் பாக்கணும் லா. எங்க கோச் எல்லாமே பின்பக்க எஞ்சின்.”

அவளுக்கு விஷயம் தெரியும். ரேடியேட்டர் முன்னால்தான் இருக்கும் என்பது கார்க்காரர்களின் நம்பிக்கை. எஞ்சின் பின்னால் இருந்தால் பெரும்பாலும் அதுவும் பின்னால். வெளியே தெரியும் பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, சுத்தம் செய்தாயிற்று என்று கையெழுத்து வாங்கும் பட்டறைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அசல் அழுக்கு எஞ்சினைப் பார்த்த உள்பக்கத்தில். எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும்.

வண்டிக்குள் ஏறினாள். கட்டில் பலகையைத் தூக்கி, எஞ்சின் மூடியைத் திறந்து, கைப்பேசி வெளிச்சத்தை அடித்தாள்.

துளி அழுக்கில்லை. ரேடியேட்டரில் ஒரு தகடுகூட வளையவில்லை. ஹோஸ் குழாய்கள் புதிது. வரவே வராத தெர்மோஸ்டாட் அதன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் தொட்டியில் ஒரு வெள்ளை டேப். கூலன்ட் மாற்றினால் தேதி எழுதி ஒட்டாமல் ரவூப்பால் இருக்க முடியாது. பொய் சொல்லத் துணிந்தவர் அதையாவது விட்டிருக்கலாம். ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதி.

“மிஸ்டர் ரவூப்.” ‘அங்கிள்’ என்ற அழைப்பு காணாமல் போயிருந்தது. “இது அஞ்சு வாரமா ரெடியா இருக்கு.”

“ஆமா மேடம்.”

“ஓட்டிப் பாத்தீங்களா?”

“உட்லண்ட்ஸ் வரைக்கும் நாலு தடவ. டெம்பரேச்சர் முள்ளு அசையல.”

“அப்புறம் அந்தப் பெரியவர்கிட்ட ஏன் பொய்?”

ரவூப் கையைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கைதான்.

“சொல்ல முடியாது மேடம்.”

“அப்படின்னா என்ன அர்த்தம்?”

“சொல்ல முடியாதுன்னுதான் அர்த்தம்.”

“வயசானவங்கள அலைய விடுறது ஈஸி. இல்ல?”

ரவூப் எஞ்சின் மூடியைப் பழையபடி மூடி வைத்தார்.

“வேலை இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல,” என்றாள் வைஷாலி. “ஆனா என் கோச்ச இங்க விட்டுட்டு, ரெடியா இல்லையான்னு நான் உங்க வாய் வார்த்தையத்தான நம்பணும்? சாரி.”

ஃபாரத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பேனாவை மூடினாள். அவளுடைய கார் வாசலைத் தாண்டும் வரை ரவூப் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

கைப்பேசியில் கோவிந்தசாமியின் குரல்பதிவு வந்தது. ரகசியக் குரல்.

“ரவூப்பு, அந்தப் பொண்ணு முன்னால இன்னிக்குக் கொஞ்சம் ஓவராத் திட்டிட்டேன். மனசுல வச்சுக்காத. திட்டலன்னா என் வீட்டுக்காரி நம்ப மாட்டா. கண் சரியில்ல, இனிமே பெரிய வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னத அவகிட்ட சொல்ல இன்னும் வாய் வரலப்பா. மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஆசை காட்டிட்டேன். இன்னும் ஒரு வாரம் இப்படியே ஓட்டிடு. அவ கடைக்குள்ள போயிருக்கா, வெச்சுடறேன்.”

ரவூப் கண்ணை மூடிக்கொண்டார். கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. இந்தத் தடவை சிவகாமசுந்தரி. எழுத்துச் செய்தி.

“தம்பி, கடைக்குள்ள நின்னு எழுதறேன், அவர் வெளியே நிக்கிறார். நான் கேட்டுக்கிட்ட மாதிரியே அவர் வாயாலே கண்ணப் பத்திச் சொல்ற வரைக்கும் வண்டியக் குடுத்துடாதீங்க, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சுடுவார்.”