கிலாத்தாமா பேட்

“தம்பி, இது என்ன, கொசு அடிக்கிற பேட்டா?”

பாக் தர்சோனோ கேட்டதும் எங்கள் தெருவே சிரித்தது. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். எல்லோரும் ‘பாக்’, அதாவது ‘ஐயா’, என்று கூப்பிடும் தெருப் பெரியவர் ஜோக் அடிக்கும்போது சிரிக்காமல் இருந்துவிட்டு, அப்புறம் அதே தெருவில் குடியிருக்க முடியுமா?

ஹந்தோக்கோ மட்டும் சிரிக்கவில்லை. பொயொலாலியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார். தர்சோனோவின் மகள் லாரஸைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவன்.

“சுதந்திர தினப் போட்டியில என்கூட ஜோடி சேர்ந்து ஆடட்டும். ஆள் எப்படின்னு பார்த்துட்டுச் சொல்றேன்” என்று மகளிடம் சொல்லி வரவழைத்திருந்தார் அவர்.

“ஷட்டில் பேட்தான் பாக். கிலாத்தாமா கம்பெனி.”

“கிலாத்தாமாவா? இருமல் மருந்து பேர் மாதிரி இருக்கே!”

மறுபடியும் சிரிப்பு.

“கடையில நாலஞ்சு எடுத்துப் பார்த்தேன் பாக். இதுதான் கைக்கு அடக்கமா இருந்துச்சு.”

“கைக்கு அடக்கமாவா, பைக்கு அடக்கமாவா?”

லாரஸ் பந்தலுக்குக் கீழே வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, ஆட்டத்தை ஆரம்பிங்க” என்றாள். கடலையை உரித்துத் தோலை வாயில் போட்டுக்கொண்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

தர்சோனோ அவசரப்படவில்லை. வெல்வெட் உறையின் ஜிப்பை மெதுவாகத் திறந்து தன் பேட்டை எடுத்தார். கறுப்புப் பளபளப்பு. தங்க நிற எழுத்து.

“ஜப்பான். நல்லாப் பார்த்துக்கோ. ஒருத்தனோட பேட்டைப் பார்த்தா அவன் குடும்பத்தைப் பார்த்த மாதிரி.”

“சரி பாக்.”

“இன்னொண்ணு. நடுவுல வர்ற பந்து என்னோடது. உன் கொசு பேட் என் பேட் மேல பட்டுச்சு, கல்யாணப் பேச்சே கிடையாது. ஆமா!”

விசில் ஊதினேன்.

பையன் நன்றாகவே ஆடினான். ஆனால் பந்து நடுவில் வந்தால் போதும், தீ பட்டவன் மாதிரி ஒதுங்கிவிடுவான். பெரியவராவது அடிப்பாரா என்றால், அவர் கண் பந்தின் மேல் இல்லை, பையனின் பேட் மேல்.

“தள்ளி நில்லு! தள்ளி நில்லுங்கிறேன்ல!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பந்து தரையில் கிடக்கும்.

எதிரில் ஆடியவர்கள் பக்கத்துத் தெரு முடிதிருத்துபவரும் அவர் மச்சானும். விவரமான ஆட்கள். அப்புறம் எல்லாப் பந்தையும் நடுவிலேயே போட்டார்கள்.

எப்படியோ இழுத்துப் பிடித்து மூன்றாவது ஆட்டத்தின் கடைசிக்கு வந்துவிட்டோம். இன்னும் ஒரே புள்ளி. எடுத்தால் பரிசு ஆடு எங்கள் தெருவுக்கு. அதுவும் வேலியோரம் நின்று கத்திக்கொண்டிருந்தது.

பந்து உயரமாக எழும்பி, நட்ட நடுவில் இறங்கியது.

“விட்டுடாதீங்க!” என்று அலறினாள் லாரஸ்.

அப்பாவைச் சொன்னாளா, அவனைச் சொன்னாளா, தெரியாது. இரண்டு பேருமே பாய்ந்தார்கள்.

படார்!

பந்து வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழுந்தது. புள்ளி கொடுத்தேன். ஆடு எங்களுடையது. ஆனால் ஒருவரும் கை தட்டவில்லை. தர்சோனோவின் கையில் பாதி ஜப்பான்தான் இருந்தது.

“அடடே! ஜப்பான் போச்சு, கொசு பேட் நிக்குது பாரு!” பக்கத்துத் தெரு முடிதிருத்துபவருக்குத் தோற்ற வருத்தமே போய்விட்டது.

ஹந்தோக்கோ குனிந்து உடைந்த வளையத்தை எடுத்தான். நான் உயரத்தில் இருந்ததால் எனக்கும் நன்றாகத் தெரிந்தது. விரிசல் விட்ட இடத்தில் கறுப்புப் பெயின்ட் தோலாக உரிந்திருந்தது. அடியில் பச்சை. பச்சையின் மேல் எழுத்து: கிலாத்தா. மிச்ச எழுத்து இன்னும் ஜப்பானுக்குக் கீழே இருந்தது.

அவன் நிமிர்ந்து தர்சோனோவைப் பார்த்தான். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ஒரு வார்த்தை போதும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இவனைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பியிருப்பார்கள். சொல்லித் தொலையேன்டா என்று எனக்கே நாக்கு அரித்தது.

அவன் அந்த எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மூடினான். அவர் கையிலிருந்த மிச்சத்தையும் வாங்கி, வெல்வெட் உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தான்.

“எங்கே உடைஞ்சுது? காட்டு தம்பி, காட்டு!” முடிதிருத்துபவர் எட்டிப் பார்த்தார்.

“உசந்த சாமான் இல்லையா, கொஞ்சம் மென்மையாத்தான் இருக்கும்” என்றான் ஹந்தோக்கோ, எல்லோருக்கும் கேட்கும்படி. “என்னோடது முரட்டு பேட். தப்பு என்னோடதுதான் பாக். மன்னிச்சுக்குங்க.”

கூட்டம் உச்சுக் கொட்டியது. பாவம், நல்ல பேட், ஜப்பான் பேட் என்று ஆளாளுக்கு அவருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

ஆட்டுக் கயிற்றை வாங்கிப் பந்தல் காலில் கட்டினார் தர்சோனோ. கூட்டம் கலைந்ததும் பையனைத் தோளில் கை போட்டு என் நாற்காலிக்குக் கீழே ஒதுக்கிக்கொண்டு வந்தார். நடுவரை யார் ஆளாக மதிக்கிறார்கள்?

“அந்த உறையை வீட்டுல யாரும் திறக்கக் கூடாது.”

“திறக்க மாட்டாங்க பாக்.”

“அப்பா அம்மாவை எப்ப அழைச்சுக்கிட்டு வர்றீங்க, மாப்பிள்ளை?”

பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பாக்... என் பேட் பட்டா கல்யாணப் பேச்சே கிடையாதுன்னு சொன்னீங்களே?”

“பேட்டைப் பார்த்தா குடும்பத்தைப் பார்த்த மாதிரின்னும் சொன்னேன்ல?”

தர்சோனோ சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பார்த்தாச்சு. ரெண்டும் ஒரே குடும்பம்தான்.”