சிவப்பில் வரும் குரல்

“எழுந்து போயிடு. உனக்கு இங்க என்ன வேலை?”

கைப்பேசித் திரையில் அந்த வரி சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. சின்னவள் வெடுக்கென்று திரும்பினாள். பின்வரிசையில் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் சந்தித்ததும் அவனும் குனிந்துகொண்டான்.

விஷக் காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போய் ஒரு வருடமாகிறது. கட்டடப் பொறியியலுக்கு அத்தோடு முழுக்குதான் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, அக்கா விடவில்லை. அலையாய் அலைந்து பல்கலைக்கழகத்திடமிருந்து இந்தச் செயலியை வாங்கிக் கொடுத்தாள். வகுப்புக்கே வந்து, “என் தங்கச்சியைப் பாத்துக்கோங்க” என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டும் போனாள்.

யார் பேசினாலும் செயலி அதை உடனே எழுத்தாக்கிவிடும். குரலுக்கு ஒரு நிறம். பேராசிரியர் நீலம். பக்கத்தில் உட்காரும் சுருட்டைமுடித் தோழி ‘சுருட்டை’க்குப் பச்சை. சின்னவள் மட்டும் வாயைத் திறப்பதில்லை. கத்துகிறோமா கிசுகிசுக்கிறோமா என்று தெரியாமல் பேசப்போய், ஒருமுறை நூலகமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு மூடிய வாய்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் தட்டச்சு செய்தே காட்டுவாள்.

நீலம் தெரியும், பச்சை தெரியும். இந்தச் சிவப்பு யார்?

“இப்ப யாருடி பேசினது?” என்று தட்டச்சு செய்து சுருட்டையிடம் நீட்டினாள்.

“யாரும் பேசலையே. சார் மட்டும்தான்.” பச்சையில் பதில் வந்தது. சுருட்டை முகத்தை நிமிர்த்தவில்லை.

உடனே கீழே சிவப்பு: “பொய் சொல்றா.”

சின்னவள் மறுபடியும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்த உத்தரத்தோட எடை எந்தத் தூண்ல இறங்கும்?” என்று கேட்டது நீலம்.

“இடது தூண்ல,” என்றது சிவப்பு.

“அதேதான். இடது தூண்,” என்றார் பேராசிரியர், அவள் பக்கம் பார்த்துத் தலையசைத்தபடி. வகுப்பில் ஒரு கைகூட உயர்ந்திருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டிலும் அது விடவில்லை. அக்கா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மேஜைமேல் கிடந்த கைப்பேசியில் வரி ஊர்ந்தது.

“பாவம் அக்கா. இளைச்சே போயிட்டா. எல்லாம் உன்னாலதான்.”

அக்காவின் கை அப்படியே நின்றது. துணி கருகுகிற வாசனை வந்த பிறகுதான் இஸ்திரிப்பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

சின்னவள் திரையைக் காட்டினாள். அக்கா அதைச் சரியாகக்கூடப் படிக்கவில்லை.

“வேற யாரும் இல்லடி. வீட்டுல நீயும் நானும்தான். அதைப் போட்டுக் குழப்பிக்காத,” என்றவள், முகம் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் சின்னவள் சுருட்டைக்குத் தட்டச்சு செய்தாள்: “என் மனசுல இருக்கிறதெல்லாம் அதுக்குத் தெரியுது. எனக்குப் பயமா இருக்கு. இது நிக்கலைன்னா நான் படிப்பை விட்டுடறேன்.”

“மெஷின்தானே, ஏதோ உளறுது. கண்டுக்காத.”

“சரி பண்ணக் கொடுக்கப் போறேன்.”

“வேணாம்டி. சொன்னா கேளு.” சுருட்டை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சின்னவள் உதறிவிட்டு நடந்தாள்.

மாணவர்களின் கருவிகளைப் பழுது பார்க்கும் அறை மாடியில் இருந்தது. அங்கே இருந்தவர் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய குரலுக்குச் செயலி ஊதா நிறம் கொடுத்தது.

“இது கேக்காததை எழுதாது, தங்கச்சி. கற்பனை பண்ற அளவுக்கெல்லாம் இதுக்கு மூளை கிடையாது,” என்றார்.

“அப்ப யாரோ பேசறாங்களா?” என்று அவள் தட்டச்சு செய்தாள்.

“பாத்துடலாம்.”

கூடவே ஓடி வந்த சுருட்டை, “அண்ணா, ஒரு நிமிஷம், நான் உங்ககிட்ட தனியா...” என்று தொடங்கினாள். அவர் அவளை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். சன்னலை மூடினார். மின்விசிறியையும் நிறுத்தினார். கைப்பேசியை மேஜை நடுவில் வைத்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தபடி எதிரில் உட்கார்ந்தார்.

அறையில் இருவர் மட்டுமே. சின்னவள் மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

திரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு சிவப்பு ஊர்ந்து வந்தது.

“கதவைச் சாத்திட்டார். இப்ப வந்துடும் பாரு.”

அவள் கைப்பேசியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவிலிருந்த கண்ணாடிக்கு வெளியே சுருட்டை வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“உங்ககிட்ட இதை யாருமே சொல்லலையா, தங்கச்சி?” என்று ஊதாவில் வந்தது.

“எதை?” என்று கேட்டது சிவப்பு. சின்னவளின் விரல்கள் இன்னும் எழுத்துகளைத் தொடக்கூட இல்லை.

அவர் தம் கையைத் தம் தொண்டைமேல் வைத்துக் காட்டி, அவளையும் அப்படியே வைக்கும்படி சைகை செய்தார். அவள் வைத்தாள்.

“இவர் எதுக்குத் தொண்டையைக் காட்டறார்?” என்று திரையில் ஒவ்வொரு சொல்லாகச் சிவப்பு விழ விழ, அவள் விரல்களுக்கு அடியில் அவளுடைய தொண்டை ஒவ்வொரு சொல்லுக்கும் அதிர்ந்தது.