கிணற்றோரத்து ரெண்டு வரிசை

“யாரது, கெணத்தாண்ட?”

பன்னீர்செல்வம் போட்ட சத்தத்தில் செவ்வந்தி எழுந்து நின்றாள். மடி நிறைய ஆவாரம்பூ.

பூ பறிக்க வருகிற கூலிக்காரி. கையும் மடியுமாக மாட்டிக்கொண்டாள்.

பன்னீர்செல்வத்துக்குச் சுருக்கென்றது. நேரம் பார்த்தா இப்படி நடக்கவேண்டும்? காஞ்சிபுரத்திலிருந்து பிரேம்நாத் வந்து, மோட்டார் கொட்டகை நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாட்டுமருந்துக் கடைக்குச் சொந்தக்காரர். அவருக்குப் பிடித்துவிட்டால் ரெண்டு ஏக்கர் பூவும் வருஷம் முழுக்க அவர் கடைக்குத்தான். கொடுத்த ஆவாரம்பூ டீயில் பாதி டம்ளர் குடித்தாயிற்று. பன்னீர்செல்வம் இப்போதுதான் அவரிடம் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தார்:

“ரோட்டோரம் கேப்பாரில்லாம பூத்துக்கினு இருந்த செடி சார். சக்கரைக்குக் குடிப்பாங்க. ஒடம்பு சூட்டுக்குக் குடிப்பாங்க. அரைச்சுத் தேச்சுக் குளிப்பாங்க. நான்தான் வரிசை கட்டி நட்டேன். மருந்து கிருந்து ஒண்ணும் கெடையாது. சாணி, கோமியம், அவ்ளோதான்.”

இதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் இந்தத் திருட்டு.

“அந்த ரெண்டு வரிசையில கை வெக்காதன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்?”

“கொயந்தைக்குங்க அய்யா. அஞ்சு மாசம்தான் ஆவுது. ஒடம்பெல்லாம் வேர்க்குரு. ராத்திரி பகல்னு இல்லாம அயுவுது. அரைச்சுத் தடவலாம்னு...”

“கேட்டா குடுக்க மாட்டனா? திருடறதுக்குப் புள்ள ஒரு சாக்கா?”

பிரேம்நாத் சிரித்தார். “விடுங்க சார். ஒரு பிடி பூதானே. இதுக்குப் போயி...”

அந்தச் சிரிப்புத்தான் பன்னீர்செல்வத்தைக் குத்தியது. கஞ்சன் என்று நினைத்துவிட்டாரே மனுஷன்!

“பூவுக்கா சார் பேசறேன்? ஏம்மா, ரெண்டு ஏக்கரும் பூத்துக் கொட்டிக்கினு கீது. கோணிய எடுத்துக்கினு போயி எங்க வேணா பறி. யாரு கேக்கப் போறாங்க? இங்க வந்து இன்னாத்துக்குக் கை வெக்கிற?”

செவ்வந்தி குனிந்து மடியிலிருந்த பூவைப் பார்த்தாள்.

“சொல்லு. சார் எதிர்லயே சொல்லு. அந்தப் பூவுன்னா ஒம்புள்ளைக்கு ஆவாதா?”

“வேணாங்க அய்யா. நான் இத்தக் கொட்டிட்டுப் போயிடறேன்.”

“இன்னா வேணாம்? என்னைக் கெட்டவனாக்கிட்டு நீ நல்லவளாப் போயிடலாம்னு பாக்கறியா? காரணத்தச் சொல்லு. இல்லன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத.”

செவ்வந்தி மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“செவ்வாக்கெயம அந்தப் பச்சைப் புயுவுக்கு மருந்து அடிச்சீங்களே, தண்ணி மோந்து ஊத்திக் கலக்கிக் குடுத்தது நான்தானங்க அய்யா. ‘இந்த ரெண்டு வரிசை நம்ம வூட்டுக்கு, இதுல மட்டும் ஒரு சொட்டு படக்கூடாது’ன்னு நீங்கதான சொன்னீங்க? மீதிப் பூவ எப்பிடிங்க புள்ளைக்குத் தடவறது?”



பிரேம்நாத் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

பன்னீர்செல்வம் பதறி ஓடி வந்தார்.

“அய்யய்யோ, நீங்க குடிங்க சார்! ஒங்களுக்குப் போட்டது அந்த ரெண்டு வரிசைப் பூதான்!”