பதினோராம் நாள்

மலையில் ஆயுதப் பயிற்சியில் இருந்த தம்பி தல்ஹாவை அக்கா சுமையாதான் மன்றாடி வீட்டுக்கு அழைத்து வந்தாள். "இஸ்லாமிய மார்க்க ஆட்சி வேணும்னா மக்கள்கிட்ட ஓட்டுக் கேளு, துப்பாக்கி எதுக்கு?" என்றாள். அவனும் ஒரு மார்க்கக் கட்சியில் சேர்ந்து, தேர்தலில் நின்று, ஜெயித்தும் விட்டான். முடிவு வந்த பதினோராம் நாள் காலை, தேர்தல் செல்லாது, கட்சிக்கும் தடை என்று ராணுவம் வானொலியில் அறிவித்தது. தல்ஹா மலையில் போட்டிருந்த பூட்ஸை எடுத்து மாட்டினான். சுமையா வாசலை மறித்தாள்.

"கோர்ட்டுக்குப் போகலாம்டா. கொஞ்சம் பொறு."

"இவ்வளவு நாளும் நீங்க சொன்னதத்தானே லாத்தா கேட்டேன்?"

அவன் குரலில் கோபமே இல்லை. அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டுத் தெருவில் இறங்கினான். அங்கே, அவனுக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர்கள் இப்போது அவனோடு மலைக்குப் போகக் காத்து நின்றார்கள். சுமையா எட்டிப் பார்த்தபோது ஒருவர்கூட அவளுக்கு ஸலாம் சொல்லவில்லை.