நசுங்கின படி

பூந்தமல்லிச் சந்தையில் பஷீருதீன் கடையில் அளக்கும் படியைப் பார்த்ததுமே ஜம்புலிங்கத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதன் வயிறு உள்பக்கமாக நசுங்கியிருந்தது.

“இன்னா பாய், இதுல அளந்தா படிக்கு ஒரு புடி கொறையுமே. யார ஏமாத்தப் பாக்குற?”

“கீழ வுழுந்து நசுங்கிச்சு அண்ணாத்தே. நிமித்தணும்னா எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல.”

“நிமித்திட்டு அள. இல்லன்னா மணியக்காரரக் கூப்புடுவேன்.”

பஷீருதீன் மறுபேச்சில்லாமல் சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். ஜம்புலிங்கமே உட்கார்ந்து நசுங்கலைத் தட்டி எடுத்தார். அதன் பிறகுதான் வேர்க்கடலையை அளக்க விட்டார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னதை மனைவி பொன்னம்மாள் முழுசாகக் கேட்டாள்.

“படி நசுங்கியிருந்தா வாங்குறவனுக்குத்தான நஷ்டம்?”

“ஆமா.”

“நீ நம்ம கடலைய விக்கத்தான போன?”